கேப்டன் பேசுகிறார்

"ஹலோ... ஹலோ... கேப்டன் பேசறேன். கேக்குதா?"

பதில் இல்லை. அது அவனுக்குப் பழக்கம்தான். கேப்டன் பேசும்போது அணியில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. "நான் வலது பக்கம்", "நான் பின்னாடி" என்று தங்களுக்குள் இரண்டொரு வார்த்தை சொல்லிக்கொள்வார்கள். தன் கட்டளையைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவன் பெருமைப்படுவான்.

இன்று அவனைக் கலங்கடித்தது மைக்கின் ஓரத்திலிருந்த பச்சை விளக்கு. அது அணைந்திருந்தது.

"மைக் செத்துப்போச்சு!"

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "அப்ப இன்னொரு நாள் விளையாடுங்க."

"எப்படிம்மா? 'தயார்'னு பட்டன் அழுத்தியாச்சு. இனிமே வெளியே வந்தா தோத்த கணக்குதான்."

தோல்வி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் முகம் மலர்ந்தது. காரணம் உண்டு. இந்தப் போட்டியில் வென்றால் அவன் அணி அந்த ஆன்லைன் விளையாட்டின் உச்சப் படிக்கு ஏறும். தோற்றால், இனி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கம்ப்யூட்டரை மூடிவிட்டு அவளோடு நீச்சல் வகுப்புக்கு வர வேண்டும். தண்ணீர் வாளியில் இருக்கும்வரை அவனுக்குப் பயமில்லை. இருந்தும் வாக்குக் கொடுத்தவன் அவனேதான். தோற்பான் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

ஏசி பழுதுபார்க்கும் கம்பெனியில் அவன் மேற்பார்வையாளன். ஊரின் எந்த மாடியில் நிற்பவனையும் போனிலேயே ஏணியில் ஏற்றி இறக்குவான். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் இந்தச் சண்டையில் ஜெயிப்பது கத்தியல்ல, கட்டளை என்பது அவன் நம்பிக்கை. அவனுடைய பாத்திரம் கேடயம் தாங்கிய பூதம். எதிரியின் அடியையெல்லாம் முன்னால் நின்று வாங்கிக்கொள்ளும். அந்தக் காயத்தைப் பின்னால் நின்று ஆற்றுபவர் வைத்தியர். நிஜத்தில் அவர் ஒரு பல் டாக்டர். நோயாளிகளுக்கு நடுவே கிளினிக்கிலிருந்தே விளையாடும் பெண்மணி. மீதி மூவரும் அடிப்பவர்கள். மூன்று சுற்றில் இரண்டை வென்றால் போதும்.

"பேச முடியலைன்னா என்ன? டைப் பண்றேன்" என்றான் கேப்டன்.

முதல் சுற்று தொடங்கியது. 'வைத்தியர் இடது தூணுக்குப் பின்னால் ஒளியவும், யாரும் அங்கே பார்க்க மாட்டார்கள்' என்று விறுவிறுவென்று தட்டி அனுப்பினான்.

எதிரணியின் ஐந்து பேரும் நேராக இடது தூணை நோக்கி ஓடினார்கள்.

"எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

மனைவி எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இதுல 'அனைவருக்கும்'னு போட்டிருக்கே. அனைவருக்கும்னா அவங்களும்தானே?"

வைத்தியர் வீழ்ந்தார். வைத்தியர் இல்லாத பூதம் அடுத்து வீழ்ந்தது. முதல் சுற்று போயிற்று.

"நீச்சல் உடை என்ன சைஸ் வாங்கணும் உங்களுக்கு?"

"கிண்டல் பண்ணாதே. உன் போனை எடு. டாக்டரோட கிளினிக்குக்குப் போடு. நான் சொல்றதை நீ அப்படியே சொல்லு."

"நீங்க தோத்தா எனக்குத்தானே லாபம்?"

"கட்டின புருஷன் கெஞ்சறான்மா!"

அவன் கெஞ்சும்போது மூக்கு மட்டும் சிவக்கும். எட்டு வருடமாக அவளுக்கு அந்த மூக்கிடம்தான் தோல்வி. போனை எடுத்தாள். மறுமுனையில் கிளினிக்கின் வரவேற்பு மேசைப் பெண்.

"டாக்டர் கதவைச் சாத்திட்டு ஹெட்போன் போட்டிருக்காங்க மேடம். என்ன விஷயம்?"

"கேப்டன் வீட்லேருந்து பேசறேன், அவர் மைக் செத்துப்போச்சு, அவசரம்மா. வலது பக்கம் ரெண்டாவதை அடிச்சு நொறுக்கணுமாம்."

"மேல் வரிசையா, கீழ் வரிசையா மேடம்?"

"ஏங்க, மேலயா கீழயான்னு கேக்கறாங்க."

"படிக்கட்டுக்குக் கீழே!" என்று கத்தினான் கேப்டன். "அந்தத் தாடிக்காரன்!"

"தாடிப் பக்கமாம்மா."

"அப்ப கீழ் வரிசை. எழுதிக்கிட்டேன்."

இந்தக் களேபரத்தில் கேப்டனின் கை விசைப்பலகையை விட்டு எப்போதோ போய்விட்டது. பூதம் வாசலை அடைத்துக்கொண்டு மரம்போல் நின்றது. அந்த மரத்தைத் தாண்ட முடியாமல் எதிரணி அதையே மொத்திக்கொண்டிருந்தது. வைத்தியர் காயத்தை ஆற்ற ஆற்ற, அணியின் மற்ற மூவரும் சுற்றி வந்து எதிரிகளை ஒவ்வொருவராகச் சாய்த்தார்கள்.

இரண்டாம் சுற்று வெற்றி!

"பார்த்தியா? என் வார்த்தை போய்ச் சேர்ந்திருச்சு!"

அந்த உற்சாகத்தில் அவன் வீசிய கை பட்டு, மனைவியின் போன் மீன்தொட்டிக்குள் விழுந்தது. அவன் போன் சர்வீஸ் வண்டியில் இருந்தது; மூலையில் தூசி படிந்திருந்த வீட்டுத் தொலைபேசி இருவர் நினைவுக்கும் வரவில்லை.

"இருங்க, அரிசிக்குள்ள போட்டுட்டு வர்றேன்" என்று அவள் உள்ளே ஓட, இவன் மாடிக்கு ஓடினான். மேல்வீட்டுப் பாட்டு டீச்சரிடம் ஒரு மைக் உண்டு. டீச்சர் மறு பேச்சில்லாமல் மைக்கைக் கொடுத்தார். கூடவே ஒரு பெட்டியையும். "இது இல்லாம மைக் வேலை செய்யாது தம்பி."

பெட்டியின் ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாம் சுற்று தொடங்கியதும் கேப்டன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"விடாதே, அடி! முதல்ல அந்தத் தாடிக்காரனை அடி! வெளியே தப்பிக்க விடாதே!"

பெட்டி என்பது ஒலிபெருக்கி. குரல் கம்ப்யூட்டருக்குள் போனதோ இல்லையோ, தெருமுனைவரை போயிற்று. எதிர்வீட்டு நாய் குரைத்தது. அடுத்த நிமிடம் வாசல் மணி அடித்தது.

வந்து நின்றவர் கீழ்த்தளத்து வாடகைக்காரர். மார்புவரை தாடி.

"நான் உங்களுக்கு என்ன தம்பி பண்ணேன்?"

"ஐயோ சார், உங்களைச் சொல்லலை. வேற தாடி!" என்றவன் மனைவியை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தான். "இந்தக் கேடயப் பட்டனை மட்டும் அழுத்திப் பிடிச்சுக்கோ. கையை எடுக்காதே!"

வாசலில் அவன் விளையாட்டின் விதிகளைத் தாடிக்காரருக்கு விளக்கினான். அவர் நம்பவில்லை. போலீஸைக் கூப்பிடலாமா என்று அக்கம்பக்கத்தில் பேச்சு எழுந்தது. உள்ளே மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். பாதியிலேயே நீச்சல் குளத்தை மறந்துவிட்டாள். "வாங்கடா பார்ப்போம்!" என்று அவள் கத்துவது வாசல்வரை கேட்டது.

பிறகு ஒரு வீறிடல். "ஏங்க! ஜெயிச்சுட்டோம்!"

தாடிக்காரரை அப்படியே விட்டுவிட்டு அவன் ஓடி வந்தான். திரையில் பொற்கிரீடம் சுழன்றது. 'சூப்பர் கேப்டன்!' என்று அணியின் நால்வரும் தட்டி அனுப்பியிருந்தார்கள்.

"மைக் போச்சு, போன் போச்சு, மானமும் போச்சு" என்றாள் மனைவி மூச்சு வாங்க. "எப்படிங்க ஜெயிச்சீங்க?"

கேப்டன் நாற்காலியில் சாய்ந்து புன்னகைத்தான். "தலைவன் குரலுக்கு ஒயர் வேண்டாம்மா. எப்படியும் போய்ச் சேர்ந்துடும். நான் ஒரு நாள் பேசலைன்னா அவங்க என்ன ஆவாங்கன்னு நினைச்சுப் பாரு!"

அப்போது வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். கிளினிக் பெண்தான்.

"மேடம், லைன் கட்டாயிடுச்சேன்னு டாக்டர்கிட்ட இந்த நம்பர் வாங்கினேன். அவங்க இப்பதான் கதவைத் திறந்தாங்க, நீங்க சொன்ன பல் விஷயத்தையும் இப்பதான் சொன்னேன். சார் மைக் போனது அவங்க யாருக்குமே தெரியாதாம் மேடம். சேர்ந்து விளையாடின முதல் மேட்ச்லேருந்தே நாலு பேரும் சார் குரலை மட்டும் மியூட் பண்ணித்தான் வெச்சிருக்காங்களாம்!"