நாற்பத்தொரு மொச்சைக்கொட்டை

மனித குலத்தின் விதி விஞ்ஞானபூர்வமாகக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. எங்கள் ஊர்க் கலாசார மன்றத்தில், சனிக்கிழமைதோறும், பத்து மணி முதல் ஒரு மணி வரை.

கண்டுபிடித்தவர் அல்மாட்டியிலிருந்து வந்த முனைவர் பெக்சுல்தான். கையில் மடிக்கணினி, பையில் நாற்பத்தொரு மொச்சைக்கொட்டை. கஜக் புல்வெளி முழுக்கப் போடும் அதே பழைய குறிதான். முனைவர் அதில் சதவீதம் சேர்த்திருந்தார். கொட்டைகளை இஷ்டம்போல் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குவியலிலும், ஒன்று முதல் நான்குக்குள் மிஞ்சும்வரை நான்கு நான்காக எடுக்க வேண்டும். மிஞ்சியதைக் கூட்டினால் மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை எதுவும் வரலாமாம். ஐந்து வந்தால் தம்பதிக்குத் தோஷம். பரிகாரம் இரண்டு ஆடு. ஒன்பது வந்தால் பரிகாரமே கிடையாது. மற்றதெல்லாம் சுபம்.

சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்து நானூறு குடும்பம் பார்த்தாயிற்று. ஒருவருக்குக்கூடச் சுபம் வரவில்லை!

“இது தற்செயலா நடக்க வாய்ப்பே இல்ல,” என்று முனைவர் திரையில் பூஜ்யங்களை ஓடவிட்டார். “நூறு சதவீதம் நிரூபணம்!”

“அதான் என் புருஷன் இருபத்தாறு வருஷமா குறட்டை விடறான்,” என்றாள் ரொட்டிக்கடை பிபிசாரா. “விஞ்ஞானம்னா சும்மாவா?”

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்க்கும் அக்மராலுக்கு ஒன்பது வந்தது. அன்றே அவள் அப்பா துர்சின், அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை நிறுத்தினார். அவள் வீட்டில் உட்கார்ந்து எழுபது தடவை கொட்டை போட்டாள். அடுத்த சனிக்கிழமை மேடையேறினாள்.

“புரொபசரய்யா, ஒரு கொட்டை கூடப் போட்டுப் பாப்போமா?”

“நாப்பத்தொண்ணுதாம்மா முன்னோர் வழக்கம்.”

“போன வாரம் விஞ்ஞானம்னீங்க?”

கூட்டம் சிரித்தது.

“போடு புள்ள,” என்றாள் பிபிசாரா. “ஒத்தக் கொட்டைக்கா விதி பயப்படும்?”

நாற்பத்திரண்டு போட்டாள். ஆறு. அப்பாவைப் போடச் சொன்னாள். பத்து. பிபிசாராவுக்கு ஆறு. வரிசையில் நின்ற இருபது பேரும் போட்டார்கள். ஆறு, பத்து, பத்து, ஆறு. ஐந்தும் ஒன்பதும் தலைகாட்டவே இல்லை. ஒற்றைக் கொட்டையில் ஊர் மொத்தத்துக்கும் தோஷ நிவர்த்தி!

“அப்பா, விஷயம் இவ்வளவுதான். நாப்பத்தொண்ண நாலுநாலா எடுத்தா, எப்படிப் பிரிச்சாலும் அஞ்சு, இல்லாட்டி ஒம்போது. வேற எதுவும் வராது. ஆட்டுப் புழுக்கையப் போட்டாலும் அதே தோஷந்தான்.”

“அப்ப எங்க வீட்டுக் குறட்டை?”

“அதுக்கு மூக்கு டாக்டரப் பாருங்கக்கா.”

முனைவர் மடிக்கணினியை மூடினார். துர்சின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். “வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். எல்லாரும் வாங்க. எவனும் கொட்டை கொண்டாராதீங்க!”

பூஜ்யங்களைக் கண்டு வாய் பிளந்த பெருமக்களே, கைதட்டுவதற்கு முன் ஒருமுறை வகுத்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பாடம்தான்.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாகக் கணக்கு வாத்தியார் நான். இரண்டு ஆடு கொடுத்திருக்கிறேன்.