இடிமாறனுக்கு ஒரு வாரிசு

"அதெல்லாம் சரி, ரூம் யாருக்கு?" என்று கேட்டாள் விஜயராணி.

தங்கபாண்டி பென்சிலைக் கீழே வைத்தான். தாராவியைக் காக்கும் மாவீரன் இடிமாறன் வயதாகி ஓய்வு பெறுகிறான். தன் கறுப்பு அங்கியை ராஜகுமார் என்ற இளைஞனின் தோளில் போர்த்துகிறான். சித்திரக்கதை வாசகர்கள் தேம்பித் தேம்பி அழ வேண்டிய பக்கம் அது. ஆசையாகப் படித்துக் காட்டினால், கட்டிய மனைவி கேட்கிற கேள்வியா இது?

"எந்த ரூம்?"

"இடிமாறன் குடியிருக்குத ரூம்தான். தாராவி முழுக்க இடிச்சுக் கட்டப் போறாவளாம். நாளைக்கு பிளாட்டு வந்தா யாரு பேருக்கு வரும்? ராஜகுமாரு அவனுக்கு என்ன உறவு?"

"ஊரையே காப்பாத்துதவனுக்கு பிளாட்டு எதுக்குட்டி?"

"அப்ப எங்க போய் குளிப்பான்?"

தங்கபாண்டி ரப்பரைக் கையில் எடுத்தான். இந்த இதழும் போணியாகாவிட்டால் இடிமாறனுக்கு மூடுவிழாதான் என்று அச்சக முதலாளி பிரம்மநாயகம் கறாராகச் சொல்லியிருந்தார். தங்கபாண்டிக்கோ இடிமாறன் பெற்ற பிள்ளை மாதிரி. வம்பே வேண்டாம் என்று ராஜகுமாரை இடிமாறனின் அக்கா மகன் ஆக்கினான்.

பிரம்மநாயகம் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அக்கா மகனா? அப்ப தங்கச்சி சும்மா விடுவாளாவே? கையெழுத்து வாங்கினீரா?"

தங்கச்சி என்று ஒருத்தி கதையிலேயே கிடையாது. ஆனாலும் ஒரு தங்கச்சியைப் படைத்து, ஆட்சேபணை இல்லை என்று அவளிடம் கையெழுத்தும் வாங்கினான். மும்பையையே கடலில் கவிழ்க்க வந்த வில்லனுக்கு ஓரமாக ஒரு சின்னக் கட்டம்தான் மிஞ்சியது.

"உம்ம ஆளு மேல்மாடியில்லா இருக்கான்?"

"ஜன்னல் வழியா பறக்கணும்லா முதலாளி."

"மேல்மாடியில குடியிருக்கவனுக்கு பிளாட்டு கிடைக்குமோ கிடைக்காதோன்னு ஊரே அரண்டு கெடக்கு. பேசாம கீழ இறக்கும். வம்பு, லஃப்டா ஒண்ணும் வேண்டாம்."

இடிமாறன் கீழ்வீட்டுக்கு இறங்கினான். இனி அவன் பறக்க வேண்டுமானால், சந்து வழியாக மெயின் ரோடு வரை நடந்து வர வேண்டும்.

"கரண்ட் பில் யாரு பேருல?" என்றாள் விஜயராணி, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

எதிரிகள் இத்தனை வருஷம் தலைகீழாக நின்றும் கண்டுபிடிக்க முடியாத இடிமாறனின் சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் ஏறியது. பிளாட்டுக்குப் பேர் பதியும் ஆபீஸில், போட்டோ எடுக்கும் கவுன்ட்டரில் முகமூடியைக் கழற்றச் சொன்னார்கள், அதையும் கழற்றினான். வில்லனுக்கும் ஒரு ரூம் இருக்குமே என்று அவனையும் வரிசையில் பின்னால் நிறுத்தினான் தங்கபாண்டி. இரண்டு பேரும் சண்டை போடவில்லை. போட்டால் வரிசையில் இடம் போய்விடும்.

பறக்கவாவது விடுவோம் என்று, கையில் காகிதக் கட்டோடு ஆபீஸுக்கு ஆபீஸ் அவனைப் பறக்கவிட்டான். அங்கி கைமாறுகிற காட்சி கடைசிப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை வாசலில் நடந்தது. அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்த தங்கபாண்டி, வாசகர்களுக்குப் பதிலாகத் தானே அழுதான்.

இதழ் வெளிவந்த மறுநாள் பிரம்மநாயகம் போன் செய்தார். "அம்புட்டும் தீந்துட்டுவே! மறுபடி அடிக்கேன். தாராவி தாண்டி, அங்க சீத்தா கேம்ப்ல இருந்தெல்லாம் ஆளு வருது!"

தங்கபாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. இடிமாறன் பிழைத்துவிட்டான்! ஜனங்கள் அவனைக் கைவிடவில்லை. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, புத்தகம் விற்கும் ஷாகுல் ஹமீது கடைக்கு ஓடினான். கடைக்கு முன்னால் ஒரே கூட்டம். ஒரு அம்மாள் இதழை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"பாய், நம்ம இடிமாறனைப் பத்தி ஜனங்க என்ன சொல்லுதாவ?"

"அட்டகாசம் அண்ணாச்சி! ரூம் பேரு மாத்துத விஷயத்த இம்புட்டுத் தெளிவா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையாம். எல்லாருக்கும் ஒரே ஒரு டவுட்டுதான்: நடுநடுவுல ஒருத்தன் போர்வையக் கட்டிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா பறந்து வேலைய முடிச்சுக் குடுக்கானே, அந்த ஏஜென்ட்டோட போன் நம்பர் கிடைக்குமான்னு கேக்காவ."