முனியாண்டி கிடாய் வழக்கு

அன்புள்ள மருமகன் குகனேஸ்வரனுக்கு,

கேமரன் மலைத் தோட்டத்திலிருந்து மாமன் நாகப்பன் எழுதுவது. நானும் உன் அத்தை சரோஜாவும் இரட்டைக் கம்பளிக்குள் சுகம். அரசுத் தரப்பு வழக்கறிஞராகிவிட்ட நீயும், யார் மேல் வழக்குப் போடலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டு குவாந்தானில் சுகமாக இருப்பாய்.

நிற்க. அத்தையின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் முனியாண்டிக்கு வெட்டுவதாக நேர்ந்து வளர்த்த கிடாயை, பக்கத்து ஊர் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றும் லோரிக்காரன் லோகேஸ்வரன் திருடியது உனக்குத் தெரியும். போலீஸ் மடக்கியபோது லோரிக்குள் கிடாய் கோஸ் தின்றுகொண்டு நின்றது. "இது நான் வாங்குன ஆடு சார், வேணும்னா அதையே கேளுங்கலா" என்றான் அந்த யோக்கியன். இடது காதில் நான் போட்ட வெட்டைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் அதை நம்பி, "கோர்ட்டுக்குக் கொண்டு வரணும், பத்திரமா வச்சிருங்க" என்று ஆட்டை என்னிடமே ஒப்படைத்தார். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் அதற்குள் கோயில் திருவிழா வந்துவிட்டதே. கோர்ட்டில் தேதி தள்ளிப்போடலாம், முனியாண்டியிடம் போய் வாய்தா கேட்க முடியுமா? வெட்டினோம். தோட்டமே சாப்பிட்டது. கான்ஸ்டபிள் ஷர்வின் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது உங்கள் ஆபீஸ், வழக்குப் போட முடியாது என்று பைலைத் திருப்பி அனுப்பிவிட்டது. போன் போட்டால் நீ பாடம் நடத்துகிறாய். "ரெண்டே கேள்விதான் மாமா. கோர்ட்ல நிரூபிக்க முடியுமா? கேஸ் போடுறது பொதுமக்களுக்கு நல்லதா? நீங்க முதல் கேள்வியிலேயே ஃபெயில். ஆடு உங்களோடதுன்னு காட்ட, அந்தக் காது எங்க?" காது தலைக்கறியோடு போய்விட்டது, நான் என்ன செய்ய? அந்த லோகேஸ்வரன் என் வீட்டு வாசலில் வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு போகிறான். கோயில் தலைவர் என்று இனி எந்த மூஞ்சியோடு நான் மாலை வாங்குவது? சரி, என் கேஸ்ல அத்தாட்சியத் தின்னுட்டோம், ஒத்துக்கிறேன். பெரிய கார்ல வர்றவன் மலையையே வெட்டித் தோட்டம் போடுறான், மண்ணு சரிஞ்சு ஆத்துல வருது, அதுக்கும் அத்தாட்சி பத்தலைங்கிறீங்களே, அந்த மலையையும் நாங்களா தின்னோம்? சந்தேகம்னா கேஸைப் போடு. மிச்சத்தை ஜட்ஜு பாத்துக்குவாரு. சம்பளம் வாங்குறது பைலைத் திருப்பி அனுப்பவா?

உன் அம்மாவுக்கும் உன் மனைவி ரூபினிக்கும் என் அன்பைச் சொல். உன் பேனாவுக்கு முனியாண்டி கொஞ்சம் துணிச்சல் கொடுக்கட்டும்.

ஆசிகளுடன்,
மாமன் நாகப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஷர்வின் வந்தார். தன்னுடைய ஆட்டை நான் வெட்டித் தின்றுவிட்டேன் என்று லோகேஸ்வரன் புகார் கொடுத்திருக்கிறானாம். பைல் உங்கள் ஆபீசுக்குத்தான் வருகிறது. மேலே கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. வழக்குப் போடுவதில் அவசரம் கூடாது மருமகனே, ஆயிரம் தடவை யோசிக்க வேண்டும். ஆடு அவனுடையது என்றால் அவன் ஆட்டைக் காட்டட்டும்.