வார்டில் ஒரு கையிலும் கயிறு இல்லை

காமாலை வந்த குடியிருப்புக்கு டாக்டர் வர ஒரு வாரம் ஆனது. கயிற்றுச்சாமி மறுநாளே வந்துவிட்டார். வியாதிக்கு மூக்கில் வேர்க்குமோ என்னவோ, வியாபாரிக்கு வேர்த்துவிடும்.

அவர் கட்டும் நீலக்கயிறு மணிக்கட்டில் இருந்தால் காமாலை கிட்ட நெருங்காதாம். இரண்டு மாதமாகியும் குடியிருப்பை ஒட்டிய தையல் ஆலை வாசலில் அவரைச் சுற்றிய கூட்டம் குறையவில்லை. சந்தேகப்பட்டவர்களுக்கு அவர் ஒரே பதில் வைத்திருந்தார்:

"வார்டுக்குப் போய்ப் பாருங்க. படுத்திருக்கிற ஒருத்தர் கையிலயாவது என் கயிறு இருக்கா?"

போய்ப் பார்த்தார்கள். இல்லை. அப்புறமென்ன, அறிவைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை நீட்டினார்கள்.

அந்த வார்டில்தான் சின்னவளின் அக்கா கிடந்தாள். சின்னவள் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. புள்ளியியல் படித்தாள். "எண்ணப் படிக்கக் காலேஜா? வா, ஆலையில பொத்தான் எண்ணு" என்று மாமா இன்னும் நக்கலடிக்கிறார்.

"நாளைக்கு அக்காவை இங்கிருந்து கூட்டிட்டுப் போறோம். சாமி பெரிய கயிறு கட்டுறேன்னிருக்காரு" என்றாள் அம்மா.

"டாக்டர் நகரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா. உயிருக்கே ஆபத்தாயிடும்."

"வார்டுல ஒரு கையிலயாவது கயிறு இருக்காடி? நீயே சொல்லு."

சின்னவளும் பார்த்திருக்கிறாள். இல்லைதான்.

அன்று மாலை அக்காவின் கையை ஈரத்துணியால் துடைத்தபோது மணிக்கட்டில் நீல வளையம் ஒன்று தெரிந்தது. தேய்த்தாள். போகவில்லை.

"கயித்தோட சாயம்டி. சாமிகிட்ட வாங்கி அம்மாதான் கட்டிவிட்டுச்சு. நான் படுத்ததும் சாமியோட ஆள் வந்து வெட்டி எடுத்துட்டுப் போயிட்டான். நம்ம மனசுலதான் குறையாம். வெளிய சொன்னா வீட்டுக்கே ஆகாதாம்."

சின்னவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். நீல வளையம். அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு வீடும் தன் பக்தி மட்டும்தான் தோற்றதென்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது. ஏமாந்தவனின் வெட்கத்தைவிட நல்ல காவல்காரன் ஏமாற்றுகிறவனுக்கு எங்கே கிடைப்பான்?

மறுநாள் ஆலை வாசலில் சின்னவள் கூட்டத்தை மறித்தாள்.

"கயிறு கட்டினவங்க இடப்பக்கம், கட்டாதவங்க வலப்பக்கம் நில்லுங்க. சாமி வந்தப்புறம் படுத்தவங்களுக்கு வீட்டு ஆள் வந்து நிக்கட்டும். வெட்டி எடுத்த கயிறும் கணக்குல உண்டு. மணிக்கட்டுல சாயக்கறை போகாது!"

"வெட்டி எடுத்ததா? பொய்!" என்றார் சாமி.

யாரும் அசையவில்லை. அம்மாதான் முதலில் நடந்தாள். இடப்பக்கம் போய் நின்றாள்.

"என் பொண்ணுக்கு நான்தான் கட்டினேன்."

"உங்க வீட்டுலயுமா வெட்டினாங்க? எங்க வீட்டுலயும்தான்" என்று மாமா பெருமூச்சு விட்டபடி பின்னாலேயே போனார். பிறகு ஒவ்வொருவராக.

எண்ணினார்கள். கயிற்றுப் பக்கம் நாற்பது பேரில் பத்து பேருக்குக் காமாலை. வெறுங்கைப் பக்கம் நாற்பதில் பதினொன்று.

"பாத்தீங்களா! ஒண்ணு குறைவு! அதான் என் சக்தி!"

"ஒரு ஆள் வித்தியாசம் சும்மாவே வரும் சாமி. இவ்வளவு சின்னக் கூட்டத்தை வச்சு, கயிறு நோயைப் பாதியாக்குதுன்னும் சொல்லலாம், ரெட்டிப்பாக்குதுன்னும் சொல்லலாம். எதைப் போட்டு விக்கப் போறீங்க?"

கூட்டம் சிரித்தது.

"இப்ப நம்ம குடியிருப்புப் பின்கட்டுத் தொட்டித் தண்ணியை அப்படியே குடிக்கிறவங்க இந்தப் பக்கம் வாங்க. கொதிக்க வச்சுக் குடிக்கிறவங்க அந்தப் பக்கம்."

தொட்டிப் பக்கம் நாற்பதில் பதினெட்டு. கொதித்த பக்கம் நாற்பதில் மூன்று.

"ஆறு மடங்கு! அப்ப தண்ணிதானா?" என்றார் மாமா.

"ஆறுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன் மாமா. ரெண்டு மடங்கா இருக்கலாம், பத்துக்கு மேலயும் இருக்கலாம். ஆனா இது சும்மா வர்ற வித்தியாசம் இல்ல. தொட்டியைத் திறந்து பாருங்க."

திறந்தார்கள். சாக்கடைக் குழாய் உடைந்து தொட்டிக்குள் கசிந்துகொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியபோது சாமியைக் காணவில்லை. கத்தரிக்கோல் மட்டும் கிடந்தது.

அம்மா வார்டுக்குப் போனாள், அக்காவைக் கூட்டிவர அல்ல. கையில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் இருந்தது.

இனி எவனாவது தனக்குத் தோதானவர்களை மட்டும் வரிசையாகக் காட்டினால், "கட்டியும் படுத்தவங்க எங்கே? கட்டாமலே நல்லா இருக்கிறவங்க எங்கே?" என்று கேளுங்கள். கேட்கத் தெரியாத கைக்கு எவன் திரித்த கயிறும் அளவெடுத்தாற்போல் பொருந்தும்.