உங்கள் மருமான் பாடிய லக்ஷணம்

வண்ணாரப்பேட்டை, திருநெல்வேலி
சனிக்கிழமை காலை

ஸ்ரீவைகுண்டத்தில் சுகமே வீற்றிருக்கும் மைத்துனர் கைலாசம் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜயலக்ஷ்மியின் ஆத்துக்காரன் பஞ்சாபகேசன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நேற்று மத்தியானம் வரைக்கும் ஒருவரும் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான். போனில் சொன்னால் உங்கள் காதில் விழுவதற்குள் தெருவுக்கே கேட்டுவிடுகிறது, ஆகையால் கடிதம்.

முப்பத்துநாலு வயசாகியும் நம்ம ஸ்ரீராகவுக்கு ஒரு பெண் அமையவில்லையே என்று நாங்கள் தூக்கமில்லாமல் கிடந்தபோது, ஹம்ஸினியின் ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது நீங்கள். கோடி புண்ணியம். ஆனால் கொடுத்த கையோடு, "பையன் ஜோராப் பாடுவான், பொண்ணும் சங்கீதம் படிச்சவ, அமோகப் பொருத்தம்"னு அவா கிட்ட ஒரு வார்த்தையை விட்டேளே, அது எதுக்கு? அவன் பாடி நீங்கள் எப்போது கேட்டீர்கள்? மார்கழி பஜனையில் அவன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தீர்கள். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கும். கேட்டவர்கள் யாரும் அவனை இரண்டாம் தடவை பாடச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பையனைப் பார்க்க வருகிறோம், அப்படியே பாட்டும் கேட்கிறோம் என்று அவர்கள் சொன்னதும் உதவிக்கு ஆள் தேடினோம். ராகவின் சிநேகிதன், மேலப்பாளையம் சல்மான் ஃபாரிஸ், விசேஷங்களில் கீபோர்டு வாசிக்கிறவன், அவன்தான் குரலை மாற்றுகிற ஒரு எஃபெக்ட்ஸ் பெட்டியையும் ஒரு மிடி கீபோர்டையும் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தக் கீபோர்டு தானாகச் சத்தமே போடாதாம், பெட்டிக்கு உத்தரவு மட்டும் போடுமாம். "பயப்படாதீங்க மாமா. இவன் பைய வாய்க்குள்ள முனங்கினாப் போதும். நான் எந்தக் கட்டைய அமுக்குதேனோ அந்தச் சுரத்துலதான் வெளிய வரும்" என்றான். ராகவ் கையில் மைக், கூடத்தில் ஸ்பீக்கர், உள்ளறைத் திரைக்குப் பின்னால் சல்மான். ஒத்திகை பார்த்தபோது, பெற்ற பிள்ளையின் குரலா இது என்று எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

பத்து மணிக்கு வர வேண்டியவர்கள். பெண்ணின் அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, ராகு காலம் கழியட்டும் என்று பன்னிரண்டு மணிக்கு மேல் வந்து இறங்கினார். உங்கள் தோட்டத்து வாழைக்காயில் ஜயலக்ஷ்மி போட்ட பஜ்ஜியை நிதானமாகச் சாப்பிட்டு, அவர் கையலம்பி உட்காருகிற நேரத்தில் சல்மான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "மாமா, ஜும்மாவுக்கு நேரமாச்சு. மாமிகிட்ட குங்குமம் வாங்கி, அமுக்க வேண்டிய கட்டைக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கேன். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், அவ்வளவுதான்" என்று பின்வாசல் வழியாகப் போயே போய்விட்டான். தொழுகைக்குப் போகிறவனைத் தடுக்கலாமா? நான் உட்கார்ந்தேன்.

முதல் வரி வந்துவிட்டது வே, ஒழுங்காகவே வந்துவிட்டது! அதற்கப்புறம்தான் கவனிக்கிறேன், கை வியர்வையில் குங்குமம் விரலில் ஒட்டிக்கொண்டு, விரல் தொட்ட கட்டையெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கிறது, எது அவன் வைத்தது எது நான் வைத்தது ஒன்றும் புரியாமல் ரெண்டு கையையும் வைத்து அமுக்க, கூடத்தில் என் பிள்ளை நாலு பேர் குரலில் சண்டை போட ஆரம்பித்தான், பதறிப்போய்க் கையை எடுத்தேன், அடியோடு சத்தமே இல்லை. திரை இடுக்கில் பார்த்தால் அவன் வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. நீங்கள் பஜனையில் கண்ட காட்சி இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. போச்சு, இந்த இடமும் போச்சு என்று நெற்றியைத் துடைத்தேன். நெற்றியெல்லாம் குங்குமம்.

ஹம்ஸினி எழுந்தாள். ஒயரைப் பிடித்துக்கொண்டே நேராக உள்ளே வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "மாமா, கொஞ்சம் நகர்ந்துக்கோங்கோ" என்று உட்கார்ந்து, கூடத்தைப் பார்த்து, "உங்களுக்கு நெஜமாவே பாட வருமா?" என்று கேட்டாள்.

"வராது" என்றான் ராகவ், மைக்கை இறக்காமலே. "சுட்டுப் போட்டாலும் வராது. எங்க மாமா பாடுவான்னு சொல்லிட்டார், இல்லைன்னு சொல்ல தைரியம் வரலை. மன்னிச்சுக்கோங்கோ."

அவன் சொல்லச் சொல்ல அவள் விரலை ஓட்டினாள். அத்தனையும் சுத்தமான மோகனத்தில் வந்தது! பாட வராது என்பதை ராகம் போட்டுச் சொன்னவன் உலகத்திலேயே என் பிள்ளை ஒருத்தனாகத்தான் இருப்பான். அவள் அப்பா புரையேறிச் சிரித்தார். "உண்மையைச் சொல்றச்சே குரல் நன்னாத்தான் இருக்கு. எனக்குச் சம்மதம்பா" என்றாள் அந்தப் பெண். ஜயலக்ஷ்மி பஜ்ஜித் தட்டோடு அழுதாள். எனக்கும் அழுகைதான், குங்குமம் கண்ணில் விழுந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். தொழுகை முடிந்து வந்த சல்மானுக்கு மிச்ச பஜ்ஜி முழுவதும்.

உங்கள் ஆத்து வாசற்படி மிதிப்பதில்லை என்று திரைக்குப் பின்னால் செய்த சபதத்தை இதன்மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முகூர்த்தத்துக்கு முன்னதாகவே வந்து இருவரையும் ஆசீர்வதிக்க வேண்டும். நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்படிக்கு,
பஞ்சாபகேசன்

பின்குறிப்பு: இப்போதுதான் ஹம்ஸினி போன் பண்ணினாள். நலங்கில் மாப்பிள்ளை அந்தப் பெட்டி இல்லாமல், சொந்தக் குரலில் பாட வேண்டுமாம். கல்யாணம் வரைக்கும் தினமும் போனில் அவளே சொல்லிக்கொடுப்பாளாம். ராகவ் கூடத்தில் ஆரம்பித்துவிட்டான். ஜயலக்ஷ்மி என் வேஷ்டிகளையும் அவள் புடவைகளையும் மடித்துப் பையில் வைத்துவிட்டாள். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதாக இல்லை, அடுத்த பஸ்ஸில் நாங்கள் ரெண்டு பேருமே கொண்டுவருகிறோம். எங்களிடம் நீங்கள் பேசக்கூட வேண்டாம். உங்கள் ஆத்தில் யாரும் பாடாத ஓர் அறை இருந்தால் போதும்.