ஃபிதாங்கா நகராட்சிப் படி மிதித்த காதை

வெண்பனி போர்த்த தன்யூப் நதிக்கரையில், புகைபோக்கிகளே கோபுரங்களாகவும் காக்கைகளே கட்டியக்காரர்களாகவும் விளங்கும் பல்கேரியச் சிறுநகரின் மேட்டுத்தெருவில் உதித்தவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கொதிநீரைப் புறங்கண்ட கையினள். தோலை அரிக்கும் காரச் சோடாவுக்கும் அஞ்சாத விரலினள். ஊரார் ஜிப்சி என்று ஒதுக்கும் ரோமா குலக்கொழுந்தாம் ஃபிதாங்கா வாழ்க! அவள் தோள்மேல் கிடந்த கம்பளிச் சால்வை வாழ்க! இடது காலில் மட்டும் நீர் கசியும் அவளுடைய ரப்பர் பூட்ஸும் வாழ்க! மன்னர்தம் போர்களையே பாடவைத்துச் சலித்த கலைத்தாயே, இன்று ஒரு பொழுது நகராட்சியின் புகார்ப் பிரிவில் வந்து அமர்ந்து அருள்வாயாக. அங்கே ஹீட்டர் போட்டிருக்கிறார்கள்.

போருக்கு மூலம் யாதெனின், ஏழாம் எண் பஸ். தேவாலயத்தின் முன் பணிந்து நிற்பதும், மருந்துக்கடையின் முன் இரங்கி நிற்பதும், நிறுத்தமே இல்லாத இடத்தில் டிரைவர் கிரிலின் மச்சான் டயர் விற்கும் கடைமுன் உறவாடி நிற்பதுமாகிய அவ்வூர்தி, கம்பமும் கூரையும் பாதி பெஞ்சும் முறைப்படி அமைந்த மேட்டுத்தெருவில் மட்டும், கறுத்த முகங்களைக் கண்ட மாத்திரத்தில் சேற்றை வாரி இறைத்து வாயுவேகம் கொள்ளும். போன் செய்து கேட்டால், அங்கே யாரும் நிற்பதில்லை என்று டிரைவர் எழுதிக் கொடுத்திருப்பதாக நகராட்சி சொன்னது. சலவைக்கூட மேற்பார்வையாளரோ, "இன்னொரு நாள் லேட்டா வந்தா, வந்த வழியே திரும்பிப் போயிடு" என்று முழங்கிவிட்டார். ஃபிதாங்கா வீட்டில் அடுப்பெரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆகவே அவள் ஒரு நாள் லீவு சொல்லி, தன் கையாலேயே புகார் எழுதி மடித்து, நடந்தே நகருக்குப் புறப்பட்டாள்.

அன்று இக்னாத் திருநாள் என்பதை அவள் கோபத்தில் மறந்திருந்தாள். அந்நாளில் எவர் கால் முதலில் படி தாண்டுகிறதோ அவர் கால் ராசிதான் அந்த இடத்துக்கு ஆண்டு முழுவதும். அவரை உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். அவர் முகம் சுளித்து எழுந்து போனால் வீட்டுக் கோழிகள் அடை கலைந்து ஓடும். அன்று உப்புக்கல் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது, கூடவே அதிர்ஷ்டமும் போய்விடும். சட்டப் பிரிவுகள் எதற்கும் அசையாத புகார்ப் பிரிவுத் தலைவி ராத்கா, இவ்விதிகளில் ஓர் எழுத்தும் பிசகாதவள், வீட்டில் கோழிப்பண்ணை வைத்திருப்பவள். இரண்டு கடைகளும் ஒரு தொப்பையும் உடைய ரொட்டிக்கடை ரங்கெலை முதல் ஆளாக வரச்சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாள்.

வாசலில் கருங்கல் மதிலென நின்றான் காவலாளி ஸ்தாமென்.

"உதவித்தொகை நாளைக்குத்தான். நீ ஓரமா நில்லும்மா."

"நான் உதவி கேட்டு வரல தம்பி, புகார் கொடுக்க வந்திருக்கேன்."

"புகாருக்கும் ஓரமாத்தான் நிக்கணும்."

அப்போது கையில் வாதுமைப் பொட்டலமும் தலையில் ஆட்டுத்தோல் குல்லாயுமாகப் பட்டத்து யானையென வந்தார் ரங்கெல். கதவு திறந்தது. அந்தோ, நல்ல வளர்ப்பு ஒருவரை எங்கெங்கே கவிழ்க்கிறது! படியில் நின்று வலது பூட்ஸின் பனியைத் தட்டினார்; அடுத்து இடது பூட்ஸைத் தட்டக் குனிந்தார். கசிகிற பூட்ஸைத் தட்டி ஆவது ஒன்றுமில்லை என்று அறிந்த வீராங்கனை, அவ்விரு தட்டலுக்கும் இடைப்பட்ட கணத்தில், ஸ்தாமெனின் முழங்கைக்குக் கீழே, உடைந்த கோட்டைக்குள் வெள்ளம் புகுவதுபோல் உள்ளே புகுந்தாள்.

"ஐயையோ, நீயா!" என்று அலறினாள் ராத்கா. அலறியவள் அதைப் பாதியில் விழுங்கினாள். விதி விதிதானே. முதலில் வருபவருக்கென்று வைத்திருந்த கோதுமையை அள்ளி ஃபிதாங்காவின் தலைமேல் தூவினாள். "வாங்கக்கா, உட்காருங்க. பூசணிச் சுருள் சாப்பிடுங்க."

அக்கட்டடத்தில் அதுவரை அவளுக்கு நாற்காலி என்று ஒன்று காட்டப்பட்டதே இல்லை. கோதுமை மணிகள் கழுத்துக்குள் இறங்கியபோதுதான் ஃபிதாங்காவுக்கு நாள் நினைவு வந்தது. அவள் வீட்டிலும் இதே நோன்புதான். எல்லாம் விளங்கிவிட்டது. பூசணிச் சுருளை நிதானமாகத் தின்று முடித்து, புகாரை நீட்டினாள்.

"முத்திரை வச்சு ரசீது குடுங்க."

"புகாரை வாங்கிக்கறேன் அக்கா. ரசீது நாளைக்கு. இன்னைக்கு இங்கேருந்து துரும்புகூட வெளிய போகக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா?"

"நாளைக்கு வந்தா என்னை உள்ள விடுவீங்களா?"

ராத்கா இன்னொரு பூசணிச் சுருளை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"அப்ப ரசீது வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன். இல்ல, கோபமா எழுந்து போகட்டுமா? சொல்லுங்க."

தொடங்கியது முற்றுகை. அடைகாக்கும் கோழியினும் அசைவற்று அமர்ந்தாள் ஃபிதாங்கா. வரிசை வளர்ந்து படிக்கட்டில் இறங்கித் தெருவில் பனியில் நின்றது. ரங்கெல் தாம் கொண்டுவந்த வாதுமையைத் தாமே உடைத்துத் தின்னலானார். ராத்காவின் கை முத்திரைமேல் போவதும், கோழிகளை நினைத்து மீள்வதுமாக இருந்தது. கடைசியில், குரல் ஒரு பொருளல்ல, அது வெளியே போனால் குற்றமில்லை என்னும் பேருண்மை அவளுக்கு உதித்தது. பஸ் டிப்போவுக்கு போனைச் சுழற்றினாள்.

"கிரில்! நாளைக்குக் காலையிலேருந்து மேட்டுத்தெருவுல வண்டி நிக்கணும்!"

எதிர்முனை ஏதோ முனகியது.

"யாரும் நிக்கறதில்லையா? என் எதிர்லயே உட்கார்ந்திருக்காங்கடா! என் கோழி ஒண்ணு அடை கலைஞ்சாலும் உன் கழுத்தைத்தான் திருகுவேன்!"

இவ்வாறாக, அரசியல் சாசனத்தால் ஆகாததைக் கோழிகள் சாதித்தன. ஃபிதாங்கா முகம் சுளிக்காமல், "கோழியெல்லாம் நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்தி, ரசீது இல்லாமலே எழுந்தாள். உள்ளே மட்டும் வலித்தது. நின்றவளை நிற்கவில்லை என்று எழுதினார்களே, அதற்கு எதிராக ஒரு முத்திரை வேண்டும் என்றுதான் அவள் வந்தாள். அவள் புகாரோ பூசணித் தட்டுக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது. அவ்வாண்டு அந்நகரில் பாகுபாடு குறித்த புகார் எதுவும் வரவில்லை என்று பின்னர் அறிக்கை போயிற்று.

மறுநாள் வைகறையில், மூடுபனித் திரை கிழித்து, முகவிளக்கு இரண்டும் செங்கண்ணெனச் சிவக்க, டீசல் புகையே வெண்கொற்றக் குடையாக, மேட்டுத்தெருவே மூச்சடக்கி நோக்க, கோதுமை மணி ஒன்று இன்னும் கூந்தலில் ஒளிர ஃபிதாங்கா வலக்கை உயர்த்த, அவளைக் காணாததுபோல் கண்ணாடியைச் சரிசெய்யும் கிரிலின் கரம் அரைவழியில் தயங்க, எட்டுத்திசையும் அதிர உறுமி வந்தது ஏழாம் எண் ஊர்தி.

பஸ் நின்றது, உட்கார இடம் இல்லை.