ஐந்து கோடியாவது

மவ்லுதா தன் புருஷன் பொதிரின் கோட்டுப் பையைத் துழாவியது துவைப்பதற்காகத்தான். அப்படித்தான் எங்கள் சமர்கந்துத் தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். கிடைத்தது ஒரு காகிதம். மேலே 982451653 என்று ஒன்பது இலக்கம். பார்த்தவுடன் தெரிந்தது, கைப்பேசி எண். கீழே பொதிரின் குண்டுக் கையெழுத்து: ‘உ அபூர்வம். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் வகுபடாது. வரிசையில் சரியாக ஐந்து கோடியாவது. கூட்டினால் 43.’

உஸ்பெக்கில் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘உ’ ஒன்றுதான். ஒரு குடும்பம் பிரிய அது போதும்.

காகிதம் பக்கத்து வீட்டு ஸனோபரிடம் போயிற்று. அங்கே போனது திரும்பி வருவதற்குள் தெருவுக்கே மனப்பாடமாகிவிடும்.

"கணக்கு வாத்தியார் வேற எப்படிடீ காதல் கடுதாசி எழுதுவான்?" என்றாள் ஸனோபர். "வகுபடாதாம். ரொம்ப அழுத்தக்காரி. வயசு நாப்பத்து மூணு."

"ஐந்து கோடியாவதுன்னு போட்டிருக்காரே அக்கா?"

"அதான் எனக்கும் புரியல. முன்னால அத்தனை பேரா?"

சாயங்காலம் தேநீரை ஊற்றிக்கொண்டே மவ்லுதா நூல் விட்டுப் பார்த்தாள். "அந்த ஐந்து கோடி யாருங்க?"

பொதிரின் முகம் பூரித்துப் போனது. "கண்டுபிடிச்சிட்டியா! கடை கடையா ஒரு வாரம் அலைஞ்சு கிடைச்சுது. வாழ்நாள் பூரா வெச்சுக்கலாம்."

வெட்கமே இல்லாமல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். அவன் கோப்பையில் அதற்குமேல் ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் காலை எண்ணை அழைத்தாள். போன வாரம் பொதிர் வாங்கித் தந்த புது சிம்மிலிருந்தே அழைத்தாள். அவன் காசிலேயே அவனைப் பிடிப்பதில் ஒரு திருப்தி. பிஸி. பத்து மணிக்கு பிஸி. பன்னிரண்டுக்கும் பிஸி.

"இப்ப பள்ளிக்கூடத்துல இடைவேளை," என்றாள் ஸனோபர். "லைன்ல யாருன்னு நினைக்கிறே?"

ஒரு மணிக்கும் பிஸி. இடைவேளை எப்போதோ முடிந்திருந்தது.

"அப்ப இவரு பாடம் நடத்தும்போது அவ யார்கூட பேசறா?" என்று மவ்லுதா கேட்டபோது, குரலில் புருஷனுக்காகக்கூடக் கொஞ்சம் கோபம் இருந்தது.

மாமியாருக்குச் சேதி போனது. அவர் மகன் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் போனார். பொதிரின் துணிமணி வாசலுக்கு வந்தது. மவ்லுதா ஜிஸாக்கிலுள்ள அம்மா வீட்டுக்குப் பெட்டியும் கட்டிவிட்டாள். பதினேழு வருஷக் குடித்தனம். போவதற்கு முன் அந்த ஐந்து கோடியின் பெயராவது தெரிய வேண்டாமா? பெட்டியும் கையுமாக, ஸனோபரையும் இழுத்துக்கொண்டு சிம் கடைக்குப் போய், தன் கைப்பேசியையும் காகிதத்தையும் மேஜைமேல் வீசினாள்.

"இந்த நம்பர் எவ பேர்ல இருக்கு? ரெண்டு நாளா அடிக்கிறேன், எப்ப அடிச்சாலும் பேசிக்கிட்டே இருக்கா."

கடைப்பெண் காகிதத்தைப் பார்த்தாள், கைப்பேசியைத் தட்டிப் பார்த்தாள், அப்புறம் பெட்டியைப் பார்த்தாள்.

"இது உங்க நம்பர்தான் அக்கா. உங்களுக்கு நீங்களே போன் பண்ணா பிஸின்னுதான் வரும்."